அட்டையில் இருக்கும் பெயர்

உவரி மீனவர்களின் வாட்ஸ்அப் குழுவை ஆராய்ந்த முதுகலை மாணவன் செந்தில்முருகன், அதில் வரும் செய்திகளில் முக்கால்வாசி பொய் என்று முடிவு எழுதியிருந்தான். திருநெல்வேலிக் கல்லூரி ஒன்றில் பதினொரு வருஷமாகக் கௌரவ விரிவுரையாளராக இருக்கும் ஜாய்சிக்கு, அவனுடைய வழிகாட்டியாக அந்த ஆய்வேட்டைத் திருத்தத் திருத்த ரத்தம் கொதித்தது. அவள் அப்பா மரிய அந்தோணி அதே கடலில் முப்பது வருஷம் வலை போட்டவர்.

“இதுல என்ன தப்பு மேடம்? ‘தெக்க மீனே இல்ல’ன்னு குழுவுல சொல்லுதாங்க. அன்னைக்கே தெக்க இருந்து படகு நெறய சாளை வருது” என்றான் செந்தில்முருகன்.

“மீன் கெடக்குத இடத்தக் கடலுக்குப் போற எவனும் வெளிய சொல்ல மாட்டான். கேக்குதவனுக்கும் அது தெரியும். அத நம்பி ஏமாந்த ஒருத்தன் பேரச் சொல்லு, பாப்போம்.”



துறைத்தலைவர் செந்தூர்பாண்டி உள்ளே வந்தார். ஜாய்சியின் வேலையை வருஷா வருஷம் நீட்டித்துத் தருபவர் அவர்தான். “நாளைக்குத் தாக்கல் பண்ணணும். கையெழுத்தப் போடுங்க மேடம். இதுக்குப் போயி ஏன் மல்லுக்கு நிக்கிய?”

“போட மாட்டேன் சார். வேலைய வேணும்னா எடுத்துக்கிடுங்க.”

பன்னிரண்டாம் பக்கத்தைப் புரட்டினாள். மீன் வியாபாரி என்று சொல்லி, வேறு பெயரில் அந்தக் குழுவில் சேர்ந்ததாகச் செந்தில்முருகனே பெருமையாக எழுதியிருந்தான். ஜாய்சி அதன் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினாள்:

“இந்தக் குழுவில் மற்றவர்களை ஏமாற்றியவர் ஒரே ஒருவர். அவர் பெயர் ஆய்வேட்டின் அட்டையில் இருக்கிறது.”