சைனுக்கு மேல் மைனஸ் ஒன்று

எனக்கே விடை தெரியாத கேள்வியைக் கேட்டதற்காக ஒரு பெண்ணின் வேலையைக் கெடுத்தேன். நாமக்கல்லிலிருந்து மாற்றலாகி வந்து, கொல்லிமலைப் பள்ளியொன்றில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் அதே மலையில் வாழவந்தி நாட்டுக்காரர். மிளகு போடும் குடும்பத்தில் முதல் பட்டதாரி. பெற்றோர் ஆசிரியர் கழகம் அவரைத் தற்காலிகக் கணக்கு ஆசிரியையாக வைத்திருந்தது.

ஒரு மத்தியானம், ஆசிரியர் அறையில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது முக்கோணவியலில் ஒரு சந்தேகம் கேட்டார்.

"ஏனுங்க சார், சைனுக்கு மேல ரெண்டு போட்டா சைனை ரெண்டு தடவ பெருக்கறோம். அப்ப மைனஸ் ஒண்ணு போட்டா ஒன் பை சைன்தானுங்களே வரணும்? அதுக்கு மட்டும், கோணத்தைத் திருப்பி எடுக்கறதுங்கறோம். ஒரே எடத்துல ஒக்கார்ற எண்ணுக்கு ரெண்டு நாயமுங்களா?"

முப்பது வருடமாக இரண்டையும் ஒரே கரும்பலகையில் எழுதியவன் நான். ஒருமுறைகூட நின்று யோசித்ததில்லை. "இதுகூடத் தெரியாமத்தான் கிளாசுக்குப் போறீங்களா டீச்சர்?" என்றேன். சிலர் சிரித்தார்கள். அவர் டிபன் பாக்ஸை மூடிவிட்டார். ஆண்டு முடிவில் தலைமையாசிரியர் என் கருத்தைக் கேட்டபோது, அந்த டீச்சருக்கு அடிப்படை போதாது என்றேன். வேலை போயிற்று.

ஓய்வுக்குப் பின் ஒரு பழைய புத்தகத்தில் விடை கிடைத்தது. மேலே எழுதும் எண், ஒரு செயலை எத்தனை முறை செய்கிறோம் என்பதைக் குறிக்கும் வழக்கமும் உண்டு. மைனஸ் ஒன்று என்றால் செய்ததை அவிழ்ப்பது. அப்படிப் பார்த்தால், ஒழுங்கை மீறி நிற்பது மைனஸ் ஒன்று அல்ல, சைனுக்கு மேல் இரண்டு போட்டு வர்க்கத்தை எழுதும் முறைதான்.

பஸ் ஏறி அந்த டீச்சர் ஊருக்குப் போனேன். களத்தில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். தலைமையாசிரியரிடம் நான் சொன்னதைச் சொன்னேன், விடையையும் சொன்னேன். குச்சியால் மண்ணில் எழுதிப் பார்த்தார்.

"அடடே, தப்பு ரெண்டு மேலதானுங்களா? நான் தப்பான ஆளையில்லீங்க குத்தஞ்சொல்லியிருக்கேன்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "எனக்குச் சொல்லி என்னங்க சார் ஆகுது? பள்ளிக்கூடத்துல போய்ச் சொல்லுங்க."

போனேன். கழகக் கூட்டத்தில் எழுந்து நின்று, அந்த டீச்சரைப் பற்றி அன்று நான் சொன்னது பொய் என்றேன். இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று ஒரு விவசாயி கேட்டார்.

ஜூனில் டீச்சரை மறுபடி எடுத்தார்கள், வாரம் மூன்று நாள் மட்டும். இடையில் போன வருடங்கள் போனவைதான். மன்னித்ததாக அவர் இதுவரை சொல்லவில்லை. போன மாதம் போன் செய்தார். மடக்கைக்கு அடிமானம் போடாமல் லாக் என்று வெறுமனே எழுதினால் ஒரு புத்தகம் அடிமானம் பத்து என்கிறது, இன்னொன்று வேறு சொல்கிறது, பிள்ளைகளுக்கு என்ன சொல்வது என்று கேட்டார்.

"எனக்குத் தெரியலீங்க டீச்சர். பாத்துச் சொல்றேன்" என்றேன்.

"சரிங்க சார். நானும் பாக்கறேன்" என்றார்.