மாற்றாமல் விட்ட இரண்டு குழாய்கள்

அறுபதுகளின் நடுவில் செஞ்சியில் ஒரு மணிலாக்கொட்டை மண்டிக்காரரிடம் நான் கார் ஓட்டினேன். எனக்கு இருபத்தாறு வயது. கார் பழசு. ஊட்டியில் தோட்டம் வைத்திருந்த ஒருவரிடம் முதலாளி வாங்கியது. அந்த ஊர்க் குளிருக்காக அதில் ஹீட்டர் வைத்திருந்தார்கள். இஞ்சினில் கொதிக்கும் தண்ணீர் இரண்டு மெல்லிய ரப்பர் குழாய்கள் வழியாக டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் பெட்டிக்கு வந்து திரும்பும். செஞ்சி வெயிலில் யாரும் ஹீட்டரைப் போடப் போவதில்லை. போடாவிட்டாலும் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

சித்திரையில் ஒரு காலை, இஞ்சின் ஆறிக் கிடந்தபோது, பானெட்டைத் திறந்து குழாய்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன். ரேடியேட்டரின் தடித்த குழாய்கள் இரண்டும் கிளிப்புக்குப் பக்கத்தில் உப்பியிருந்தன. ஹீட்டர் குழாய்கள் அதைவிட மோசம். விரல் பட்டதும் வெந்த சேப்பங்கிழங்கு மாதிரி குழைந்தன. முதலாளியிடம் சொன்னேன். "நாலையும் மாத்திடு, யோசிக்காத" என்றார். கடைத்தெருவில் மோட்டார் சாமான் கடையில் நான்கும் வாங்கி வந்தேன்.

ரேடியேட்டர் குழாய்களை பிளேடால் கீறி எடுத்து, சோப்புத் தண்ணீர் தடவிப் புதியவற்றை ஏற்றி முடுக்கினேன். ஹீட்டர் குழாய்களுக்கு வண்டிக்குள் தலைகீழாகப் படுத்து டாஷ்போர்டைக் கழற்ற வேண்டும். ஒரு திருகு துருவேறி அசையவே இல்லை. ஸ்குரூ டிரைவர் வழுக்கி விரல் முட்டித் தோல் பெயர்ந்தது. உச்சி வெயில், பசி. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று புதுக் குழாய்கள் இரண்டையும் சாக்கில் சுற்றி டிக்கியில் போட்டேன்.

மாலையில் முதலாளி கேட்டார். "நாலும் மாத்திட்டியா?"

"மாத்திட்டேன் மொதலாளி."

மறுநாள் அதை உண்மையாக்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். மறுநாள் சவாரி இருந்தது. அடுத்த நாளும் இருந்தது. அப்படியே பத்து நாளுக்கு மேல் ஓடிவிட்டது.

கடலை அறுவடை பார்க்கப் பக்கத்தில் அனந்தபுரம் போனோம். முதலாளி பின் சீட்டில். அவருடைய அக்கா முன்னால், என் பக்கத்தில். பின்னால் உட்கார்ந்தால் அவருக்கு வாந்தி வரும். கணவர் இறந்தபின் தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். மண்டியில் சரக்கு பார்ப்பது அவர்தான். நாள் முழுக்கக் களத்தைச் சுற்றி வந்து, காய்களை உடைத்துப் பருப்பைக் கடித்து, ஈரமா, நன்றாகக் காய்ந்ததா என்று சொல்வார். அவர் சொன்னால் முதலாளி மறுபேச்சு பேசமாட்டார்.

திரும்பும் வழியில் ரப்பர் கருகும் வாசனை வந்தது. வண்டியை நிறுத்தலாமா என்று நினைப்பதற்குள் டாஷ்போர்டுக்குக் கீழே புஸ்ஸென்று வெடித்தது. வண்டி முழுக்க ஆவி. பாதை தெரியாமல் பிரேக்கை அழுத்தினேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் நீட்டி உட்கார்ந்திருந்த அக்கா, "காலு, காலு" என்றார். கத்தவில்லை. கதவைத் திறந்ததும் ரோட்டோரத்தில் சரிந்து விழுந்தார். இரண்டு பாதங்களிலும் தோல் நனைந்த காகிதம் போல உரிந்து தொங்கியது. பக்கத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். அந்த வழியாக வந்த பஸ்ஸை மறித்து அவரைச் செஞ்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

ஆஸ்பத்திரி வாசலில் முதலாளி என் சட்டையைப் பிடித்தார். "புது ரப்பரு எப்பிடிரா வெடிக்கும்?"

"கடக்காரன் மக்கிப்போனதக் குடுத்துட்டான் போல."

யோசித்துச் சொன்னதில்லை. வாயில் தானாக வந்தது. முதலாளி நேராகக் கடைத்தெருவுக்குப் போய், ஆட்கள் கூடியிருக்க, கடைக்காரரை வாய்க்கு வந்தபடி ஏசினார். "புதுசுதாங்க குடுத்தேன்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னாராம். யாரும் காதில் வாங்கவில்லை. நான் அன்றே வண்டி நின்ற இடத்துக்குத் திரும்பிப் போய், அந்தத் துருத் திருகை உளியால் வெட்டியெடுத்து, டிக்கியில் கிடந்த குழாய்களை மாட்டினேன். ஒரு மணி நேர வேலை.

அக்கா வீடு திரும்ப ஒன்றரை மாதம் ஆனது. இடது கால் விரல்கள் ஒட்டிப்போய்விட்டன. களத்தைச் சுற்ற முடியாது. நாற்காலியில் உட்கார வைத்து, காயை முறத்தில் அள்ளி அவரிடம் கொண்டுபோவார்கள். ஒருநாள் முறத்தை நான் கொண்டுபோனேன்.

"அந்தக் கடக்காரன் குடும்பம் வெளங்காது தம்பி. நான் தெனம் வயிறு எரிஞ்சு சொல்றேன், வெளங்கவே வெளங்காது" என்றார்.

முறத்தைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையிலிருந்த காயை உடைக்காமல் வெகு நேரம் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"இத வேற யாருகிட்ட சொன்ன?"

"உங்ககிட்ட மட்டுந்தாங்க்கா."

"போ. மொதல்ல எந்தம்பிகிட்ட சொல்லு. அப்பறம் அந்த மனுசன்கிட்ட போயி சொல்லு. எம்மூஞ்சில முழிக்காத."

முதலாளி அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கடைக்காரர் நான் சொல்வதைக் கடைசிவரை கேட்டார். "அன்னைக்கு நெறைய பேரு இருந்தாங்க. இன்னைக்கு நீ மட்டும் வந்திருக்க" என்றார். அடுத்த ஆளிடம் என்ன வேண்டும் என்று கேட்கத் திரும்பிவிட்டார்.

நான் திண்டிவனத்தில் லாரிக்குப் போனேன். செஞ்சி வழியாக எத்தனையோ முறை லோடு ஏற்றிப் போயிருக்கிறேன். மண்டி இருந்த தெருப்பக்கம் மட்டும் வண்டியைத் திருப்பியதில்லை. சில வருடங்களில் அக்கா இறந்துவிட்டதாக ஒரு கிளீனர் சொன்னான். அப்போதும் நான் போகவில்லை.