ஜெஸ்டின் எனக்குப் பார்த்துத் தந்த வேலை

இன்று மார்த்தாண்டத்தில் ஒரு பிளெக்ஸ் கடையில் டிசைனர் வேலைக்கு இன்டர்வியூ. சொல்லிவிட்டவன் ஜெஸ்டின். பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி, அந்தக் கடையில்தான் டிசைனர்.

"ஓனர் தங்கமான மனுஷன் மக்கா. ஞாயித்துக்கெழம லீவு. கண்ண மூடிட்டு சேந்துரு" என்றான்.

எதற்கும் இருக்கட்டுமென்று ஓனரிடமே லீவைப் பற்றிக் கேட்டேன்.

"திருவிழா சீசன்ல ஞாயிறும் கெடையாது, ராத்திரி ஒறக்கமும் கெடையாது" என்றார். மனிதர் ஒளிக்கவில்லை.

"பரவாயில்ல அண்ணாச்சி, ஜெஸ்டினும் கூட இருக்கானே."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அவனுக்கு துபாய் விசா வந்தாச்சுல்லா. பதிலுக்கு ஒரு ஆளக் கொண்டு வந்தாதான் விடுவேன்னு சொல்லியிருந்தேன். உனக்கிட்ட சொல்லலியா?"

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஜெஸ்டின் கம்ப்யூட்டரை விட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை. கேட்டிருந்தால் அவனுக்காக நானே சம்மதித்திருப்பேன். அதுதான் வலிக்கிறது.

எழுந்து ஓனரிடம் சொன்னேன்: "இவன மாதிரி வேலைக்காரன் கிடைக்கமாட்டான் அண்ணாச்சி. விட்டுராதீங்க."

பஸ் ஏறியதிலிருந்து அவன் போன் அடித்துக்கொண்டே இருக்கிறான். நண்பனைப் பாராட்டியது ஒரு குற்றமா, நீங்களே சொல்லுங்கள்.