சாய்ந்த இறக்கைப் பக்கம்

பணி ஓய்வு பெறும்வரை பேருந்தில் ஒரு கீறல் விழவிடாத ஓட்டுநர் அவர். அதை அவர் சொல்லிக் கேட்காத ஆள் அந்தத் தெருவில் கிடையாது. கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள்தான் அதிகம். அப்படிப்பட்டவருக்கு மருமகனின் குட்டி விமானத்தின் மேல் ஆசை வந்தது. மருமகன் வாயில்லாப் பூச்சி. தெர்மோகோலை அறுத்து ஒட்டி, மோட்டார் வைத்து, மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்த விமானம் அது. மாமனார் கேட்டதும் மைதானத்துக்கு அழைத்துப்போய் ரிமோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டான்.

“தள்ளிப் போறப்ப ஒண்ணும் குழப்பமில்ல மாமா. நம்மளப் பாத்து வர்றப்பத்தான் இடம் வலம் மாறிடும். அப்ப எந்த இறக்கை கீழ சாயுதோ, அந்தப் பக்கமே இந்தக் குச்சியத் தள்ளுங்க. நிமிந்துக்கும்.”

“பஸ்ஸையே ஓட்டுனவன் மாப்ளே, இதெல்லாம் ஜுஜுபி.”

போகும்போது ஜோராகத்தான் போனது. திரும்பி அவரைப் பார்த்து வந்தபோது ஓர் இறக்கை சாய்ந்தது. ஸ்டியரிங் பிடித்துப் பழகிய கை சும்மா இருக்குமா? எதிர்ப்பக்கம் ஒடித்தார். இன்னும் சாய்ந்தது, இன்னும் ஒடித்தார். மூக்கு தரையில் குத்தி, விமானம் சுக்குநூறானது.

செய்த தவறு அந்த நொடியே அவருக்கு விளங்கிவிட்டது. ஆனால் வாய் முந்திக்கொண்டது: “ரிமோட் கேக்கல மாப்ளே.”

வீட்டில் மகள் ஒரு பேச்சுக்குக்கூடச் சந்தேகப்படவில்லை. “அப்பா கை தப்பாதுங்க. நீங்கதான் சரியாப் பாத்திருக்க மாட்டீங்க” என்று கணவனைக் கடிந்துகொண்டாள். அவன் சாப்பாட்டு மேசையில் ரிமோட்டைக் கழற்றி, ஒவ்வொரு ஒயராக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். இல்லாத கோளாறு எங்கிருந்து கிடைக்கும்? மாமனார் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்திருந்தார். சொல்லிவிடலாம் என்று தொண்டையைச் செருமினார். மகள் பெருமையாக அவரையே பார்த்தாள், செருமலோடு நின்றுவிட்டது.

கடைசியில் அவன் எழுந்து அவர் முன்னால் வந்து நின்றான். “ஒரு ஒயர் லேசா லூசா இருந்திருக்கும் போல மாமா. என் தப்புதான். உங்களப் பதற வச்சிட்டேன், மன்னிச்சிடுங்க.”

சொல்வதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். வாயைத் திறந்தார்.

“பரவாயில்ல மாப்ளே. இனிமேலாவது பாத்து செய்யுங்க.”