சீனியும் சிந்தாவும்

சோதனைக் குழாயை இடுக்கியில் பிடித்து ஸ்பிரிட் விளக்கின் மேல் மெல்ல ஆட்டிக்கொண்டிருக்கிறார் வாஞ்சிநாதன். உள்ளே நீலத் திரவம், அதில் எட்டுச் சொட்டுச் சிறுநீர். கொதித்த பிறகும் நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறத்தில் போய் நின்றால் ஏகத்துக்கு இருக்கிறது. பக்கத்து வராந்தாவில் காப்பியும் கையுமாக நான் வேடிக்கை பார்ப்பதை அவர் பொருட்படுத்துவதில்லை. "சிக்னல் விழறதான்னு பாக்கறேன் ஓய்" என்பார். வங்காளத்தில், இந்தக் கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் இருவருக்கும் பொழுது இப்படித்தான் விடிகிறது.

நவராத்திரிப் பூஜைக்குள் செங்கல் நிறம் போகாவிட்டால் தினமும் ஊசிதான் என்று டாக்டர் கெடு வைத்திருக்கிறார். அம்மை குத்த ஆள் வந்த அன்று, ஐம்பத்திரண்டு வயதில், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்ட மனிதர் இவர்.

உத்தியோகம் ரயில்வே தலைமை ஆபீசில், கால அட்டவணைப் பிரிவில். அச்சுக்குப் போகும் எண்களைச் சரிபார்க்க வேண்டும். இருபது வருஷத்தில் ஓர் எண்கூடத் தப்பியதில்லை. அதனாலேயே, தப்பினால் என்ன ஆகும் என்ற நினைப்பு அவரை விடுவதில்லை. சாப்பிடும்போது பாதியில் கை நின்றுவிடும். என்ன ஆச்சு என்று அவர் மனைவி பாகீரதி மாமி கேட்டால், "மெயில் இப்ப கரக்பூர் தாண்டியிருக்கணும்" என்பார். ஓடுகிற ரயிலையெல்லாம் வயிற்றுக்குள் போட்டுக்கொண்டு நடமாடினால் சோறு எங்கே செரிக்கும்?

முதல் தடவை போனபோது டாக்டர் இங்கிலீஷில்தான் பேச ஆரம்பித்தாராம். வங்காளத்துச் சோற்றைத் தின்றுவிட்டு வங்காளியிடம் இங்கிலீஷ் பேசுவது மரியாதையில்லை என்பது வாஞ்சியின் கட்சி. தனக்குத் தெரிந்த அரைகுறை வங்காளியை அவிழ்த்துவிட்டார். டாக்டருக்கு ஒரே சந்தோஷம். மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டு வங்காளியிலேயே புத்தியும் சொன்னார். "கேட்டேளா ஓய், நம்மூர்ப் பேச்சையே பேசறார். சீனி கொமான்! சீனியைக் குறைக்கணுமாம்." அம்பாசமுத்திரத்தில் பிறந்தவருக்குச் சர்க்கரை என்றால் சீனிதானே.

குறைத்தார் பாருங்கள், அப்படிக் குறைத்தார். காப்பியில் போயிற்று. பாயசம் போயிற்று. கோயில் பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என் கையில் வைத்துவிடுவார். பெயரில் சீனி இருக்கிறது என்று சீனியவரைக்காயைக்கூடத் தள்ளிவைத்தார். சர்க்கரைக்காரர்களுக்கு ஊரே சிபாரிசு செய்கிற கொத்தவரங்காய்தான் அது! மாமி தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு வருஷம் கழித்தும் குழாய் செங்கல் நிறமாகவே இருந்தது.

கடைசியில் டாக்டரிடமே போய்ச் சண்டை போட்டார், வீட்டில் எறும்புக்குக்கூடச் சீனி கிடையாது, இன்னும் எதைக் குறைப்பது என்று. டாக்டர் சிரித்துக்கொண்டே தன் நெற்றியைத் தட்டிக் காட்டினாராம். "சினி நொய் தாதா, சிந்தா." சீனி இல்லை அண்ணா, கவலை. ஆதியிலிருந்தே அவர் குறைக்கச் சொன்னது அதைத்தான்.

"சீனியைப் பொட்டலத்தோட தூக்கிப் போட்டுடலாம் ஓய். சிந்தாவை எங்க கொண்டுபோய்க் கொட்டறது?" என்று அன்று என்னிடம் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆபீஸ் விட்டதும் ஆற்றுப் படகுத்துறைக்குப் போகிற பழக்கம் அதன் பிறகு வந்ததுதான். அக்கரைக்கு ஆள் ஏற்றுகிற துடுப்புப் படகு. ஆள் நிறைந்தால் கிளம்பும், இல்லாவிட்டால் கிடக்கும். "இதுக்கு டைம்டேபிளே கிடையாது. லேட்டுங்கற பேச்சே இல்ல" என்று குழந்தை மாதிரி சொல்லிக்கொள்வார். அக்கரை போய், இறங்காமலே திரும்பி வருவார். போன வாரம் இரண்டு நாள் குழாயில் மஞ்சள் தெரிந்தது. கெடு நெருங்குகிறதே என்று கவலைப்பட்டதில் திங்களன்று மறுபடி செங்கல்.

நாளைக் காலை நிறத்தைப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு சொல்லப்போகிறார். இன்று சாயங்காலம் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். எதிர்க்கரை முழுக்க நாணல் பூத்து வெள்ளையாகக் கிடந்தது. மங்கின வெயிலில் கரை எது, தண்ணீர் எது என்றே தெரியவில்லை. தூரத்துக் கப்பல் ஒன்று நகர்கிறதா நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். துடுப்புச் சத்தம் கேட்டுக் கேட்டு எனக்கே கண் சொருகியது.

எங்கோ ஒரு ரயில் கூவியது. கடிகாரம் கட்டிய அவருடைய இடது கை தானாக மேலே எழுந்தது. போச்சுடா என்று நினைத்துக்கொண்டேன். நேரம் தெரிந்தால் போதும், எந்த வண்டி, எந்த ஸ்டேஷன், எத்தனை நிமிஷம் தாமதம் என்று எல்லாம் அவருக்குள் ஓட ஆரம்பித்துவிடும். அந்தச் சமயம் பார்த்து எதிரே கூடையுடன் உட்கார்ந்திருந்தவர் அந்தக் கடிகாரத்தைக் காட்டி, "கொடா பாஜே தாதா?" என்று மணி கேட்டார்.

வாஞ்சிநாதன் கடிகாரத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தார்.

"ஜானி நா" என்றார். தெரியாதாம்.

பிறகு, மடித்து விட்டிருந்த சட்டைக் கையைக் கடிகாரத்தின் மேல் இறக்கிவிட்டு, பித்தானைப் போட்டுக்கொண்டார்.