வெயிலில் நிற்காத வெள்ளை

பள்ளிகொண்டாவுக்கும் ஆம்பூருக்கும் நடுவே இருக்கும் சின்ன பெயிண்ட் கம்பெனியில் நந்தினி பத்து வருடம் லேப் பார்த்தாள். புருஷன் ராஜேஷ் அதே கம்பெனியின் லோடு வண்டி ஓட்டுகிறான். குடியிருப்பதும் கம்பெனி கொடுத்த வீட்டில்தான். காம்பவுண்டுக்குள்ளேயே இரண்டு அறை. பால் வாங்கப் போனாலும் வாட்ச்மேனைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஒவ்வொரு முறை கலக்கும் பெயிண்டிலும் கொஞ்சம் எடுத்துத் தகரத் தகட்டில் பூசி, மொட்டை மாடியில் வெயில் பார்க்கச் சாய்த்து வைப்பாள். மாதம் ஒருமுறை கறுப்புத் துணியால் தேய்ப்பாள். துணியில் மாவு ஒட்டவில்லை என்றால் அந்தப் பெயிண்ட் வெளிச்சுவரில் நிற்கும்.

போன வருடம் வெள்ளை ஷூ ஆர்டர் படுத்துவிட்டது. தோல் கம்பெனிகளுக்கு வெள்ளைப் பூச்சு செய்து கொடுக்க வாங்கிய வெள்ளைப் பவுடர் குடோனில் மூட்டை மூட்டையாகத் தேங்கியது. அதை வெளிச்சுவர் பெயிண்டில் போடச் சொன்னார் முதலாளி சூரியபிரகாஷ்.

"சார், இது அனடேஸ் ரகம். வெளிச்சுவருக்கு ரூட்டைல் ரகம்தான் தாங்கும். இதுல வெயில் பட்டா பெயிண்ட்ல இருக்கற பசையையே தின்னுடும். ஒரு மழைக்கு அப்புறம் சுவரு உதிரும்."

"ரெண்டும் டைட்டானியம்தானே மா. பார்த்தா வித்தியாசம் தெரியுதா?"

"இப்பத் தெரியாது சார்."

"அப்ப வெளிச்சுவருக்கு ஏத்ததுன்னு எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தாள். ரிப்போர்ட்டின் அடியில் கையெழுத்தும் போட்டாள். மூன்றாம் மாதம் மாடியில் தேய்த்தபோது துணி மாவு ஒட்டி வெளுத்துப் போனது. நோட்டில் குறித்துக்கொண்டு போய்ச் சொன்னாள். சரக்கு ஏற்கெனவே போய்விட்டது என்றார் முதலாளி.

மழைக்காலம் முடிந்ததும் ஜான் பாஷா வந்தார். ஆம்பூர் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு அந்தப் பெயிண்டை அடித்த பெயிண்டர். பிள்ளைகள் சுவரில் சாய்ந்தால் நீல யூனிஃபார்ம் முதுகெல்லாம் வெள்ளையாகிறதாம். மூன்று மாடியையும் தன் செலவில் திருப்பி அடித்துத் தரச் சொல்லிவிட்டார்கள் என்றார்.

"தண்ணி ஜாஸ்தி ஊத்திட்ட பாய். எங்க ரிப்போர்ட் சரியா இருக்குது," என்று முதலாளி காகிதத்தை நீட்டினார்.

ஜான் பாஷா அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்துவிட்டு, ரிப்போர்ட்டை எடுத்து வந்து ஓரமாக நின்ற நந்தினி பக்கம் திரும்பினார். "இருபது வருசமா பிரஷ் புடிக்கிறேன். நீங்க சொல்லுங்க மேடம், தப்பு என்னுதா?"

அவள் ரிப்போர்ட்டை வாங்கி ஃபைலில் வைத்தாள். அவர் வெளியே போனார்.

சாயந்திரம் ராஜேஷிடம் சொன்னாள்.

"பேசினா ரெண்டு பேருக்கும் வேலை போச்சு, வூடும் போச்சு," என்றான். "அதுவுமில்லாம கையெழுத்து உன்னுது. மாட்டினா நீதான் மாட்டுவ."

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு, தகடு ஒன்றையும் நோட்டையும் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பள்ளிக்கூடத்தில் ஜான் பாஷா சாரத்தில் உட்கார்ந்து சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கீழே கூப்பிட்டு எல்லாவற்றையும் காட்டினாள்.

"தப்பு உங்களுது இல்ல பாய். எனக்கு முன்னாடியே தெரியும்."

அவர் திட்டுவார் என்று நினைத்தாள். நோட்டை மட்டும் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

ஜான் பாஷா கொண்டுபோய்க் காட்டிய அந்தப் படத்தைப் பார்த்ததும் சூரியபிரகாஷ் வழிக்கு வந்தார். மூன்று மாடிக்கும் நல்ல பெயிண்ட், அடிக்கும் கூலி, எல்லாம் கொடுத்தார். விஷயத்தை வெளியே கொண்டுபோவதில்லை என்று ஜான் பாஷா ஒத்துக்கொண்டார். பிறகு முதலாளி நந்தினியைக் கூப்பிட்டார். கோபமே இல்லாமல் பேசினார்.

"உன்ன வெளிய அனுப்பினா வேற எடத்துல போய் பேசுவ. இங்கயே இரு. நீயா போனா, இத்தினி நாள் போட்ட கையெழுத்து எல்லாம் எங்கிட்ட இருக்குது."

லேப் சாவியை வாங்கிக்கொண்டார்கள். மாடியில் இருந்த தகடுகளை இறக்கிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். அவள் ராணிப்பேட்டையில் இரண்டு கம்பெனிகளில் வேலை கேட்டாள். விசாரிக்க அவர்கள் போன் செய்தது சூரியபிரகாஷுக்குத்தான்.

இப்போது பேக்கிங்கில் இருக்கிறாள். குடோனில் அந்த அனடேஸ் மூட்டைகள் குறைந்துகொண்டே வருகின்றன. 'வெளிச்சுவர்களுக்கு ஏற்றது' என்ற ஸ்டிக்கரை ஒரு நாளைக்கு நானூறு வாளிகளில் ஒட்டுகிறாள்.