வாளி அண்ணன் சொன்ன ஒரு வார்த்தை

கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் அலுவலகத்தில் தட்டச்சு செய்பவள் நான். போன மாதம் வரைவாளர் வேலைக்குத் தேர்வு எழுதிய பதினோரு பேரின் மதிப்பெண் பட்டியலை அடித்தவளும் நான்தான். முதல் இடம் ஒரு பெண்ணுக்கு, தொண்ணூற்றொன்று. நான்காவது இடம் தலைமைக் கணக்கரின் அக்கா மகனுக்கு, அறுபத்தெட்டு. காலியாக இருந்ததோ ஒரே மேசை.

அந்தப் பெண்ணின் அப்பா பதினெட்டு வருடமாக எங்கள் தரையைத் துடைப்பவர். எல்லாருக்கும் அவர் ‘வாளி அண்ணன்’. வரைவாளர்கள் கசக்கி எறிகிற தாள்களை நீவி மடித்து வீட்டுக்குக் கொண்டுபோவார். மகள் அவற்றின் பின்பக்கத்தில் வரைந்து பழகியவள், படிப்பையும் முடித்தவள். அவர் மறந்துவிட்டு வரும் சாப்பாட்டு டப்பாவை அவள் கொண்டுவந்து தருவதால் எனக்குத் தெரியும். விண்ணப்பத்தில் அப்பா பெயர் இருந்தும் அவள் யார் மகள் என்று மேலாளருக்குத் தெரியவில்லை. அண்ணனின் பெயரை அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

தேர்வு முடிந்ததும் சொந்தக்காரர்கள் மேலாளர் அறைக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது எங்கள் அலுவலக வழக்கம். கணக்கர் போனார், சிரித்தபடி திரும்பி வந்தார். அதைப் பார்த்த அண்ணனுக்கும் ஆசை வந்துவிட்டது. சட்டையை மாற்றிக்கொண்டு போய், முதல் இடம் வாங்கியவள் தன் மகள் என்று சொல்லிவிட்டார். முன்கூட்டியே தெரிந்திருந்தால் காலைப் பிடித்தாவது தடுத்திருப்பேன்.

மறுநாள் மேலாளர் சொல்லச் சொல்ல இரண்டு ஆணைகள் அடித்தேன். கணக்கரின் அக்கா மகனுக்கு வரைவு மேசை. அந்தப் பெண்ணுக்கு இரண்டாம் மாடியைத் துடைக்கும் வேலை. நம்ம வாளி பொண்ணாச்சே, சும்மா விட முடியுமா என்று பெருந்தன்மை வேறு. கணக்கர் சொன்னால் பரிந்துரை, அண்ணன் சொன்னால் பரம்பரையா? ஆனாலும் ஒரு பிழைகூட இல்லாமல் அடித்துக் கொடுத்தேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

ஆணையை வாங்கிப் படித்த பெண், தான் இந்த வேலைக்கு விண்ணப்பிக்கவே இல்லை என்றாள். குடும்பத்துக்குப் பழகிய வேலை, கஷ்டமே தெரியாது என்று மேலாளர் அவளுக்கு எடுத்துச் சொன்னார்.

வாசலில் துடைத்துக்கொண்டிருந்த அண்ணன் காதில் எல்லாம் விழுந்தது. ஈரக் கையோடு உள்ளே வந்து நின்றார்.

“சார், நேத்து நான் சொன்னது பொய். இவ என் பொண்ணு இல்ல. யாருன்னே எனக்குத் தெரியாது. மார்க்கைப் பாத்து வேலையக் குடுங்க.”

மேலாளர் மேசைமேல் இல்லாத எதையோ தேடினார். ஒரு தகப்பனை இப்படிச் சொல்ல வைத்தவர்கள் நன்றாக இருப்பார்களா?

அவள் அழவில்லை. ஆணைத்தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில், தொண்ணூற்றொன்று வாங்கியவளுக்கு வரைவாளர் வேலை ஏன் இல்லை என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும் என்று எழுதினாள். என்னிடம் நீட்டினாள்.

“அக்கா, இதை அடிச்சுக் குடுங்க. என் பேருக்கு முன்னாடி அப்பா பேரை முழுசாப் போடுங்க.”

மதிப்பெண் பட்டியலின் நகலையும் சேர்த்தே அடித்துக் கொடுத்தேன். வேலை போனால் போகட்டும். ஆனால் அந்தப் பெயரை அடிப்பதற்கு அவளிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. பதினெட்டு வருடத்தில் நானும் கேட்டதில்லை.